கான்சாபுரமும் துப்பாக்கி உதைச்ச தோளும்

இது கொஞ்சம் நீளமான இழை. வரலாறும் வைத்தியமும் கலந்து இருக்கும். சாப்பிட்டுட்டு ஓய்வா இருக்கறப்ப படிங்க.

போன வருஷம் ஒரு திங்கட்கிழமை. ஓபி கூட்டம் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். வரிசைல ஒரு இருபது வயசுப் பையன், கூடவே அவங்க அப்பா. பையன் சட்டையக் கழட்டினா வலது தோளுக்கு முன்பக்கம், காறை எலும்புக்குக் கீழே, உள்ளங்கை அளவுக்கு நீலமும் மஞ்சளுமா கன்னிப்போய்க் கிடக்கு. நடுவுல ஒரு இடம் மட்டும் கருநீலம்.

"மாடு முட்டிருச்சாப்பா?"

"இல்ல சார். துப்பாக்கி உதைச்சிருச்சு."

ஒரு நிமிஷம் நானே பேனாவக் கீழ வெச்சுட்டேன். அப்புறம்தான் விளக்கமாச் சொன்னான். ஒரு ரைபிள் கிளப்ல சேர்ந்து ட்ராப் ஷூட்டிங் பழகறான். கிளப் துப்பாக்கி, 12 போர். ரெண்டு நாள்ல இருநூறு தோட்டாவுக்கு மேல சுட்டிருக்கான். செல்போனை நீட்டி, "சார், இந்த வெஸ்ட் வாங்கலாமா? தோள்ல தடிமனா பேடு வெச்சிருக்கு. இல்ல இந்த ஜெல் பேடு நல்லதா?"ன்னு கேட்டான். அவங்க அப்பா முகத்தைப் பார்க்கணுமே. "படிக்கச் சொன்னா உதை வாங்கிட்டு வர்றான் சார்"னார்.

சீட்டுல ஊர்ப் பெயர் எழுதப் போனேன். எந்த ஊருன்னு கேட்டேன். கான்சாபுரம்னான்.

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அவனுக்குக் காரணம் தெரியல. உங்களுக்குச் சொல்றேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து வத்திராயிருப்பு பக்கம் போனா, மலையடிவாரத்துல தென்னையும் மாவும் நெல்லுமா இருக்கற ஊர் கான்சாபுரம். அந்தப் பேர்ல இருக்கற 'கான்சா' யாருன்னு கேட்டா பெரியவங்க சொல்ற பதில், கான் சாகிப். அதாவது யூசுப் கான். மருதநாயகம். ஆமா, 1997-ல எலிசபெத் ராணி வந்து தொடங்கி வெச்சும் இன்னும் முடியாம நிக்குதே, அந்தப் படத்தோட நாயகர்தான். இந்தப் பக்கத்துல துப்பாக்கிப் படையை முறையா நடத்தினவங்கள்ல முதல் வரிசைல நிக்கற நம்மூர்க்காரர். அவர் பேர் தாங்கின ஊர்ல இருந்து, 260 வருஷம் கழிச்சு, ஒரு பையன் துப்பாக்கி உதைச்சு ஓபிக்கு வர்றான்!

யூசுப் கான் பனையூர்ல பிறந்தவர்னு சொல்வாங்க. கிழக்கிந்தியக் கம்பெனியோட சிப்பாய்ப் படையில சேர்ந்து, 1750-களில் திருச்சிராப்பள்ளியைச் சுத்தி நடந்த சண்டைகள்ல மேஜர் ஸ்ட்ரிஞ்சர் லாரன்ஸ்கிட்ட பேர் வாங்கி, சிப்பாய்களுக்கெல்லாம் கமாண்டன்ட் ஆனவர். 1758 கடைசியில் பிரெஞ்சுக்காரர் லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டப்போ, வெளியில இருந்தே பிரெஞ்சுப் படையோட சாப்பாட்டுக்கும் தளவாடத்துக்கும் வழியில்லாம அலைக்கழிச்சவர். அப்புறம் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளுக்கு அதிகாரியா வந்தார். வரி வாங்கினார், பாளையக்காரர்களோட மோதினார். கடைசியில ஆற்காட்டு நவாபையும் கம்பெனியையும் எதிர்த்தே நின்னார். 1763-ல தொடங்கின மதுரை முற்றுகை ஒரு வருஷத்துக்கு மேல இழுத்துது. சண்டை போட்டு அவரைப் பிடிக்க முடியல. கூட இருந்தவங்களே பிடிச்சுக் கொடுத்தாங்க. 1764 அக்டோபர் 15-ல் தூக்குல போட்டாங்க. மதுரை சம்மட்டிபுரத்துல அவர் அடக்கத்தலம் இருக்கு.

அவரை வீரர்னும் சொல்வாங்க, கம்பெனிக்காக நம்மாளுங்களையே அடிச்சவர்னும் சொல்வாங்க. ரெண்டும் உண்மைதான். எஸ். சி. ஹில் 1914-ல அவரைப் பத்தி ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கார், விருப்பம் இருக்கறவங்க தேடிப் படிங்க. நான் சொல்ல வந்தது அவரோட சிப்பாயைப் பத்தி. அந்தச் சிப்பாயோட வலது தோளைப் பத்தி.

அந்தக் காலத்துக் கம்பெனிப் படையோட கையில இருந்தது பிளின்ட்லாக் மஸ்கட். பிரிட்டிஷ் ராணுவம் செல்லமா 'பிரவுன் பெஸ்'னு கூப்பிட்ட வகை. சுமார் நாலரை கிலோ கனம். குழாய் வாய் அகலம் முக்கால் அங்குலம், அதாவது 19 மில்லிமீட்டர். குண்டு சுமார் 32 கிராம் ஈயம். காகிதத் தோட்டாவைப் பல்லால கடிச்சுக் கிழிக்கணும். கொஞ்சம் மருந்தைச் சின்னக் கிண்ணத்துல போட்டு மூடணும். மிச்சத்தைக் குழாய்ல கொட்டி, குண்டைப் போட்டு, கம்பியால குத்தி இறக்கணும். பழகின ஆள் நிமிஷத்துக்கு மூணு தடவை சுடுவான். சுடறப்போ கிண்ணத்துல இருக்கற மருந்து வலது கண்ணுக்குப் பக்கத்துலயே பளிச்சுனு எரியும். அதே நொடியில பின்பக்கம் தோள்ல ஒரு அடி விழும்.

அந்த மஸ்கட்டோட பின்கட்டையில தோள் படற இடத்துல என்ன வெச்சிருந்தாங்க தெரியுமா? பித்தளைத் தகடு. மரம் தேயக்கூடாது, தரையில ஊன்றி நிக்கறப்போ பிளக்கக்கூடாதுன்னு பித்தளை. துப்பாக்கிக்குப் பாதுகாப்பு பார்த்தாங்க, தோளுக்குப் பார்க்கல. குளிர் நாட்டுச் சிப்பாய்க்காவது தடிக் கம்பளிக் கோட்டு இருந்துது. நம்ம வெயில்ல அதுக்கும் வழி கிடையாது.

நம்ம வீட்டுப் பாட்டிங்க தலையில குடம் வைக்கறதுக்கு முன்னாடி முந்தானையைச் சுருட்டிச் சும்மாடு வைப்பாங்க. கோயில்ல சாமி தூக்கறவங்க தண்டியத்துக்கும் தோளுக்கும் நடுவுல துண்டை மடிச்சுப் போடுவாங்க. சுமைக்கும் உடம்புக்கும் நடுவுல மெத்துன்னு ஒண்ணு வேணும்னு கண்டுபிடிக்க ஒரு கம்பெனியும் தேவையில்ல. ஆனா வரிசையில நிக்கற சிப்பாய் சும்மாடு வெச்சுக்க முடியாது. அது ஒழுங்கு மீறல்!

அதனால கருமருந்துத் துப்பாக்கிக் காலத்துச் சிப்பாய்ங்க ஒரு வேலை பண்ணினாங்க. ஐரோப்பாவுலயும் இது நடந்திருக்கு. தோட்டாவைக் கடிச்சதும், யாரும் பார்க்காதப்போ மருந்துல கொஞ்சத்தைத் தரையில சிந்திடுவாங்க. மருந்து குறைஞ்சா உதை குறையும். குண்டு போய்ச் சேருமா சேராதாங்கறது அவன் கவலை இல்ல. காலையில இருந்து முப்பது தடவை அடி வாங்கின தோள் அவனுக்கு. உத்தரவு போடற அதிகாரிக்கு அந்த அடி விழறதில்ல.

இன்னொரு பழக்கம் கண்ணை மூடிக்கறது. அடி வரப்போகுதுன்னு உடம்புக்குத் தெரிஞ்சதும், விசையை இழுக்கறதுக்கு ஒரு கணம் முன்னாடியே தோள் சுருங்கும், கண் மூடும், குழாய் முனை தாழும். ஷூட்டிங் பழகறவங்க இதை 'ஃப்ளின்ச்'னு சொல்வாங்க. ஊசி போடறப்போ ஊசி குத்தறதுக்கு முன்னாடியே குழந்தை கையை இழுக்குதே, அதே சங்கதி. இது கோழைத்தனம் இல்லீங்க. மூளை தன் வேலையைச் சரியாத்தான் செய்யுது.

சரி, எதிர்ப்பக்கம் யாரு? ராஜபாளையத்துல இருந்து தென்காசி பஸ் ஏறினா சேத்தூர், சிவகிரி, வாசுதேவநல்லூர்னு வரிசையா வரும். இந்தச் சாலையோட மேற்குப் பக்கமும் கிழக்குப் பக்கமும் முழுக்கப் பாளையங்கள். நெற்கட்டும்செவல் பூலித்தேவர் தலைமையில நின்னவங்க. அவங்க கையில நீண்ட ஈட்டி, வாள், வளரி. கூடவே திரி வெச்சுச் சுடற துப்பாக்கியும் உண்டு. இந்தியத் திரித் துப்பாக்கிகளோட பின்கட்டை மெலிசா, நேரா இருக்கும். அகலமான பட்டையா தோள்ல அழுத்திப் பிடிக்கிற வடிவம் இல்ல. தவிர மலை, முள்ளுக்காடு, மண்கோட்டை. இதுதான் அவங்களோட பெரிய ஆயுதம்.

1759 டிசம்பர்ல யூசுப் கான் வாசுதேவநல்லூர்க் கோட்டையைத் தாக்கினார். கோட்டைக்குள்ள இருந்தவங்க ஒருபக்கம், வெளியில இருந்து பூலித்தேவர் படை இன்னொரு பக்கம். பீரங்கியும் மஸ்கட்டும் இருந்தும் யூசுப் கான் பின்வாங்க வேண்டியதாப் போச்சு. நல்லா நனைஞ்ச களிமண் சுவர் குண்டை அப்படியே விழுங்கிடும், செங்கல் மாதிரி உடையாது. திரும்ப முழு ஏற்பாட்டோட வந்து 1761 மே மாசம் நெற்கட்டும்செவலைப் பிடிச்சார். அந்த ரெண்டு வருஷத்துல இந்தச் சாலையில எத்தனை தோள் கன்னிப்போச்சு, எத்தனை மார்பு பிளந்துதுன்னு கணக்கெடுக்க அன்னைக்கு ஓபி சீட்டு கிடையாது.

அதுக்கப்புறம் நாற்பது வருஷத்துல கதை முடிஞ்சுது. கட்டபொம்மன் 1799, ஊமைத்துரை, மருது சகோதரர்கள் 1801. அந்த வருஷம் டிசம்பர் 1-ல் சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் போட்டார்: தென்சீமைப் பாளையங்கள்ல இனிமே யாரும் ஆயுதம் வெச்சிருக்கக்கூடாது. கோட்டைகளை இடிச்சாங்க. நாடு முழுக்க ஆயுதம் வெச்சுக்க உரிமம் வேணும்னு ஆக்கின சட்டம் லிட்டன் பிரபு காலத்துல, 1878-ல வந்தது. சுதந்திரத்துக்கு அப்புறம் 1959 ஆயுதச் சட்டம். இன்னைக்கும் மலையடிவாரத் தோட்டக்காரர் யாராவது தாத்தா காலத்து உரிமத் துப்பாக்கி வெச்சிருந்தா, தேர்தல் அறிவிச்சதும் துணியில சுத்தி ஸ்டேஷன்ல ஒப்படைச்சுட்டு வரணும். தேர்தல் முடிஞ்சதும் போய் வாங்கிக்கணும்.

சுடறதுக்கு முன்ன காட்டுப்பன்றி, மான், முயல்னு இருந்துச்சு. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதுக்கும் முற்றுப்புள்ளி வெச்சுது. நம்ம மலை 1988-ல சாம்பல் நிற அணில் சரணாலயம் ஆச்சு, 2021-ல ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் ஆச்சு. நல்லதுதான். நாட்டுத் துப்பாக்கி வெடிச்சு விரல் போன கையைத் தைச்ச எந்த டாக்டரும் இதுக்கு ஆட்சேபம் சொல்லமாட்டார்.

அப்ப துப்பாக்கியில ஆசை இருக்கறவன் எதைச் சுடுவான்? இங்கதான் மண்தட்டு வருது.

இங்கிலாந்துல முதல்ல நிஜப் புறாவைப் பெட்டியில அடைச்சு, கயிறை இழுத்துத் திறந்து விட்டுச் சுட்டாங்க. அந்தப் பெட்டிதான் 'ட்ராப்'. இன்னைக்கும் அந்தப் பேர் ஒட்டிக்கிட்டு இருக்கு. அப்புறம் கண்ணாடிப் பந்து. 1880 வாக்குல அமெரிக்காவுல சின்சினாட்டிக்காரர் ஜார்ஜ் லிகாவ்ஸ்கி களிமண் தட்டைக் கண்டுபிடிச்சார். குளத்துல ஓட்டாஞ்சில்லை விட்டெறிஞ்சு தத்த விடுவோமே, அந்த வடிவம்தான். 1900 பாரீஸ் ஒலிம்பிக்லயே ட்ராப் போட்டி இருந்துது. இப்போ தட்டோட அகலம் 110 மில்லிமீட்டர், எடை 105 கிராம். தரைக்குக் கீழ குழியில இருந்து மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்துல பறக்கும். இடமா, வலமா, மேலயா, தாழவா எதுவும் முன்கூட்டித் தெரியாது. தகுதிச் சுற்றுல 125 தட்டு, ஒரு தட்டுக்கு ரெண்டு வெடி வரைக்கும் அனுமதி.

நம்ம நாட்டுல இந்த விளையாட்டை அரண்மனைக்காரங்கதான் முதல்ல பிடிச்சாங்க. பிகானேர் மகாராஜா கர்ணி சிங் அஞ்சு ஒலிம்பிக் ஆடினவர். 1962 கெய்ரோ உலகப் போட்டியில வெள்ளி வாங்கினார். 2004 ஏதென்ஸ்ல ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் டபுள் ட்ராப்ல வெள்ளி. 2006-ல மானவ்ஜித் சிங் சந்து ட்ராப் உலக சாம்பியன். தமிழ்நாட்டுல இருந்து பிருத்விராஜ் தொண்டைமான். 2023-ல ஹாங்சோவுல நடந்த ஆசிய விளையாட்டுல ட்ராப் அணியோட தங்கம், 2024 பாரீஸ் ஒலிம்பிக்ல இடம். புதுக்கோட்டை அரச குடும்பம். ஆமா, கட்டபொம்மன் கதையில வருமே, அதே தொண்டைமான் குடும்பம். 1750-கள்ல திருச்சிராப்பள்ளிச் சண்டையில கம்பெனிக்கு ஆதரவா நின்ன குடும்பமும் அதுதான். யூசுப் கான் அதே சண்டையிலதான் மேல வந்தார். வரலாறு இந்த மாதிரி ஒரே தெருவுல சுத்திச் சுத்தி வரும்.

இதுல எனக்குப் பிடிச்ச ஒரு கணக்கு சொல்றேன். '12 போர்'னா என்ன? ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டையா உருட்டினா, ஒரு உருண்டை எந்தக் குழாய்ல சரியா நுழையுமோ அந்தக் குழாய். விட்டம் 18.5 மில்லிமீட்டர். யூசுப் கானோட சிப்பாய் பிடிச்ச மஸ்கட் 19 மில்லிமீட்டர்! குழாயோட அகலம் 260 வருஷத்துல அரை மில்லிமீட்டர்தான் மாறியிருக்கு. தோளும் அதே தோள்தான்.

மாறினது நடுவுல இருக்கற பொருள். சார்ல்ஸ் குட்இயர் 1839-ல ரப்பரைக் கந்தகத்தோட சூடாக்கி, வெயிலுக்கு இளகாத குளிருக்கு வெடிக்காத ரப்பர் செஞ்சார். 1870-கள்ல லண்டன் சில்வர் கம்பெனி துப்பாக்கிப் பின்கட்டைக்கு ரப்பர் பேடு போட்டு விக்க ஆரம்பிச்சுது. கிழக்கு லண்டன்ல சில்வர்டவுன்னு ஒரு பகுதி இருக்கே, அந்தக் கம்பெனியோட ரப்பர் தொழிற்சாலையால வந்த பேரு. யாருக்காகச் செஞ்சாங்க? ஒரே நாள்ல நூத்துக்கணக்கான பறவை சுடற பிரபுக்களுக்காக. பறவை சுடற துரைக்கு ரப்பர் கிடைச்சுது. சண்டை போட்ட சிப்பாய்க்குக் கட்டைக்கு மேல உலோகத் தகடுதான் ரொம்பக் காலம் நீடிச்சுது. போலீஸ்ல பழைய 303 ரைபிள் பிடிச்ச உங்க தாத்தாவோ மாமாவோ இருந்தா கேட்டுப் பாருங்க, சட்டைக்குள்ள கைக்குட்டையை மடிச்சு வெச்ச கதை சொல்வாங்க.

இப்ப கொஞ்சம் இயற்பியல், பயப்படாதீங்க. ட்ராப் தோட்டாவுல ஈயச் சன்னம் 24 கிராம், முன்ன அதிகமா இருந்ததைப் படிப்படியாக் குறைச்சிருக்காங்க. வேகம் விநாடிக்கு 400 மீட்டர் பக்கம். நியூட்டன் சொன்ன மாதிரி முன்னால போற உந்தம் எவ்வளவோ அவ்வளவு பின்னாலயும் வரணும். சன்னம், அடைப்பு, வாயு எல்லாம் சேர்த்தா, நாலு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான துப்பாக்கி விநாடிக்கு சுமார் மூணு மீட்டர் வேகத்துல உங்க தோளை நோக்கி வருது. ஆற்றல் சுமார் 20 ஜூல். ரெண்டு கிலோ அரிசிப் பையை ஒரு மீட்டர் உயரத்துல இருந்து தோள்ல போட்டா எப்படி? அப்படித்தான். ஒரு தடவைன்னா ஒண்ணுமில்ல. இருநூறு தடவை?

அமெரிக்க ராணுவத்தோட சோதனை விதி ஒண்ணு இருக்கு. உதையோட ஆற்றல் 20 ஜூலுக்குக் கீழ இருந்தா எத்தனை வேணும்னாலும் சுடலாம். 20-ல இருந்து 40 வரைக்கும்னா ஆளுக்கு ஒரு நாளைக்கு 200 வெடி. 60 வரைக்கும் 100. 80 வரைக்கும் 25. அதுக்கு மேல போனா தோள்ல வெச்சுச் சுடவே கூடாது. ட்ராப் துப்பாக்கி சரியா முதல் எல்லைக் கோட்டுல நிக்குது. பிரவுன் பெஸ்ஸை அதே கணக்குல போட்டா நாற்பது ஜூலுக்குப் பக்கத்துல வருது. நம்ம சிப்பாய் மருந்தைக் கீழ சிந்தினதுல என்ன தப்புங்கறேன்?

இந்த ஆற்றலை எந்தப் பேடும் அழிக்க முடியாது. பேடு செய்யறது ரெண்டே வேலை. அடியை அகலமா பரப்புது, கூடவே நேரத்தைக் கொஞ்சம் நீட்டுது. கேட்ச் பிடிக்கறப்போ கையைப் பின்னால இழுத்துப் பிடிக்கிறோம்ல, அதுதான். அதனால 'உதையே இருக்காது'ன்னு விளம்பரம் பார்த்தா அடுத்த பக்கம் போயிடுங்க.

தோள் எங்க அடி வாங்குதுங்கறதுதான் எல்லாத்தையும் விட முக்கியம். காறை எலும்புக்குக் கீழ, மார்புத் தசையும் தோள் தசையும் சேர்ற இடத்துல ஒரு பள்ளம் இருக்கு. தொட்டுப் பாருங்க. துப்பாக்கி அங்க உட்காரணும். கொஞ்சம் மேல போனா காறை எலும்பு. கொஞ்சம் வெளிய போனா தோள் மூட்டு, இன்னும் போனா புஜம். அந்தப் பள்ளத்துக்குள்ள ஆழமா காக்கை அலகு மாதிரி ஒரு எலும்பு முனை இருக்கு, கோரகாய்டு. ட்ராப் சுடறவங்களுக்கு மாசக்கணக்கா அடி விழுந்து அந்த எலும்புல மயிரிழை முறிவு வர்றதை 1975-லயே மருத்துவ இதழ்கள்ல எழுதியிருக்காங்க. 'ட்ராப் ஷூட்டர் தோள்'னே பேர் வெச்சாங்க. அதுக்குப் பக்கத்துலயே கைக்குப் போற நரம்புக் கற்றை. கன்னிப் போறது ஒரு வாரத்துல ஆறிடும். ஆனா தொட்டா எலும்புல வலி, கையை உயர்த்த முடியல, விரல் மரத்துப்போகுதுன்னா சுடறதை நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்கு வாங்க. எக்ஸ்ரேயில ஆரம்பத்துல தெரியாமப் போறதும் உண்டு.

இன்னும் ரெண்டு பேருக்கு மட்டும் தனியா. பேஸ்மேக்கர் வெச்சவங்க: கருவி இருக்கற பக்கத்துத் தோள்ல துப்பாக்கி வெக்காதீங்க. உதையில அதோட ஒயர் சேதமானதைப் பதிவு பண்ணியிருக்காங்க. கருவி வைக்கறதுக்கு முன்னாடியே இதய டாக்டர்கிட்ட "நான் துப்பாக்கி சுடறவன்"னு சொன்னா மறுபக்கம் வெச்சுடுவார். இரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்க: சின்ன அடிக்கே பெரிய கட்டு இரத்தம் கட்டும். உங்க டாக்டரைக் கேட்காம இறங்காதீங்க.

இப்ப பையன் கேட்ட கேள்விக்கு வர்றேன். வெஸ்ட் எது வாங்கறது?

தடிமனா இருக்கறதை வாங்காதே, இதுதான் முதல்ல சொன்னேன். அவனுக்கு ஆச்சரியம். துப்பாக்கியோட விசையில இருந்து பின்கட்டை முனை வரைக்கும் ஒரு நீளக் கணக்கு இருக்கு, அது சுடறவன் கைக்குப் பொருந்தணும். ஒண்ணரை சென்டிமீட்டர் பேடு சேர்த்தா துப்பாக்கி ஒண்ணரை சென்டிமீட்டர் நீளமானதுக்குச் சமம். நீளமான துப்பாக்கியை எடுத்து வைக்கறப்போ அக்குள்கிட்டச் சிக்கும், இல்ல பள்ளத்தை விட்டு வெளிய, புஜத்துல போய் உட்காரும். அப்ப பேடும் இருக்கும், காயமும் இருக்கும். அவன் கன்னிப்போன இடமே அதைத்தான் சொல்லுச்சு. கருநீலம் பள்ளத்துல இல்ல, ரெண்டு விரல் வெளிய இருந்துது. கிளப் துப்பாக்கி அவனை விட நெட்டையான யாருக்கோ செஞ்சது.

அதனால முதல் செலவு வெஸ்ட்டுக்கு இல்ல. பயிற்சியாளர்கிட்டச் சொல்லி நீளத்தைச் சரிபார்க்கறது, பின்கட்டையில இருக்கற பேடு பழசாகி கல்லு மாதிரி இறுகியிருந்தா மாத்தறது. ரப்பர் நம்ம வெயில்ல சீக்கிரம் இறுகிடும். நகத்தால அழுத்திப் பாருங்க, பள்ளம் விழலைன்னா அது பேடு இல்ல, கட்டை.

அப்புறம் வெஸ்ட். இங்கிலாந்து, இத்தாலிக் குளிருக்குத் தைச்சதை இங்க போட்டா பதினைஞ்சு நிமிஷத்துல சொட்டச் சொட்ட நனைஞ்சுடும். முதுகுப் பக்கம் வலைத்துணி இருக்கறதாப் பாருங்க. தோள்ல ஒட்டுப் போட்ட பகுதி இடுப்பு வரைக்கும் ஒரே வழவழப்பா இருக்கணும். பொத்தானோ தையல் மேடோ பாக்கெட் மூடியோ குறுக்க இருந்தா துப்பாக்கி அங்க தடுக்கும். வலது கையால சுடறவருக்கு வலது பக்கம், இடது கையாலன்னா இடது பக்கம். ஆன்லைன்ல மாத்தி வாங்கினவங்க உண்டு. தோட்டா பாக்கெட் ரெண்டு பக்கமும் ஆழமா இருக்கணும். 25 தோட்டாவோட கனம் ஒரு பக்கம் மட்டும் தொங்கினா வெஸ்ட் இழுத்து பேடு இடம் மாறிடும். கையை முன்னால நீட்டி, துப்பாக்கி பிடிச்ச மாதிரி நின்னு போட்டுப் பார்த்துத்தான் வாங்கணும். நின்னா சரியா இருக்கும், கை தூக்கினா பேடு கழுத்துக்கு ஏறும். ஜெல் பேடு உள்ளே சொருகற ரகம்னா மெலிசா ஒண்ணு போதும், பெருசா ரெண்டை அடுக்காதீங்க.

பெண்களுக்கு இதுல கூடுதல் தொல்லை. வெஸ்ட்டும் துப்பாக்கியும் பெரும்பாலும் ஆம்பளை உடம்புக்கு அளவெடுத்தது. பின்கட்டையோட கீழ்முனை மார்புல குத்தும், உள்ளாடைப் பட்டையோட கொக்கி பேடுக்கு அடியில மாட்டினா ஒவ்வொரு வெடிக்கும் அது தனியாக் காயம் பண்ணும். பின்கட்டைச் சாய்வை மாத்தித் தர முடியும். கேக்கறதுக்குக் கூச்சப்படாதீங்க.

கன்னிப்போனது முழுசா மறையற வரைக்கும் சுடக்கூடாது, முதல் ரெண்டு நாள் ஐஸ் ஒத்தடம், திரும்ப ஆரம்பிக்கறப்போ ஒரு நாளைக்கு 25 தோட்டா, அப்புறம் 50. சன்னத்துல ஈயம் இருக்கறதால கை கழுவாம வடையைத் தொடக்கூடாது. இதெல்லாம் சீட்டுல எழுதிக் கொடுத்தேன். அவங்க அப்பாகிட்ட கான் சாகிப் கதையையும் சொன்னேன். வெளிய வரிசை கத்துச்சு. அவர் நகர்ற மாதிரி இல்ல. "எங்க ஊர்க்காரர் அவ்வளவு பெரிய ஆளா சார்?"ன்னு மூணு தடவை கேட்டார். மகன் துப்பாக்கி பிடிக்கறது இப்ப அவருக்குத் தப்பாத் தெரியல போல!

கடைசியா ஒண்ணு கேட்டேன். "காதுக்கு என்னப்பா மாட்டறே?"

"பஞ்சு வெச்சுக்குவேன் சார். சில நாள் மறந்துடும்."

மனுஷக் காதுக்கு 140 டெசிபெல் தாண்டின வெடிச்சத்தம் ஒரே தடவையில சேதம் பண்ணலாம். 12 போர் 150-க்கு மேல போகும். பஞ்சு அதைத் தடுக்காது. வலது தோள்ல வெச்சுச் சுடறவருக்கு வலது காது கொஞ்சம் தலை மறைவுல இருக்கும், இடது காதுதான் குழாய் வாய்ப் பக்கம் திரும்பியிருக்கும். அதனால முதல்ல போறது இடது காது. உள்காதுல செத்த மயிரணு திரும்ப முளைக்காது. யூசுப் கான் சிப்பாய்ங்கள்ல வயசானவங்க எத்தனை பேர் பேரப்பிள்ளை பேசறது கேக்காம உட்கார்ந்திருப்பாங்களோ.

ஆறு வாரம் கழிச்சுக் காய்ச்சல்னு வந்தான். தோளைக் காட்டச் சொன்னேன். சுத்தமா இருக்கு. நீளத்தைக் குறைச்சுக் கொடுத்துட்டாங்களாம், வலைத்துணி வெஸ்ட் ஒண்ணு வாங்கியிருக்கான், 25-க்கு 19 விழுதாம். காய்ச்சல் சரியானதும் ஞாபகமா காது பரிசோதனைக்கு அனுப்பினேன். ரிப்போர்ட்டை எடுத்துட்டு வந்து மேஜையில வெச்சான். வலது காதுல கோடு நேரா போகுது. இடது காதுல 4000 ஹெர்ட்ஸ்கிட்ட மட்டும் ஒரு சின்னப் பள்ளம்.